பலிபீடத்துக்கு வடக்கே ஏழு கல்

செல்வராணி அக்கா கோயில் தரையை நக்கினார் என்று எங்கள் ஊரில் ஒரு கதை உலவுகிறது. அதைச் சொல்கிறவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. நான் இருந்தேன். அக்கா நக்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருந்த வெள்ளைத் தூளை ஆள்காட்டி விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார், அவ்வளவுதான். தரையை நக்கியது ஒரு வெள்ளாடு. இரண்டையும் சேர்த்து யாரோ கதை கட்டிவிட்டார்கள். எனக்கு இந்த மாதிரி அரைகுறைப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

என் பெயர் கோபிநாத். திருவரங்குளத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் வந்தால் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் ஸ்டாப். அதற்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் இல்லாத நேரத்தில் எனக்கு வேலை கோயில் வாசலைப் பார்ப்பது. கரண்ட் இருக்கும்போதும் பெரும்பாலும் அதே வேலைதான்.

கோயிலின் வெளிமுற்றம் முழுவதும் கருங்கல் பாவியது. ஒவ்வொரு பலகையும் மூன்றடிக்கு இரண்டடி இருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் அகலத்துக்குச் சந்து விட்டு, அதைக் கலவை வைத்து அடைத்திருக்கிறார்கள். கொத்தனார்கள் அதைப் பாயிண்டிங் என்பார்கள். முற்றம் முழுக்க ஒரே கல், ஒரே கலவை, ஒரே வெயில். ஆனால் பலிபீடத்தின் அடியிலிருந்து வடக்கே வாய்க்கால் வரைக்கும் வரிசையாகக் கிடக்கும் ஏழு கல்லின் சந்து மட்டும் ஒரு வருஷம் தாங்காது. முதலில் மயிரிழை போல வெடிக்கும். பிறகு பொரிந்து மாவாகும். பிறகு வெறும் பள்ளம்தான். கல்லின் விளிம்பும் செதில் செதிலாகக் கழன்று வரும்.

முதலில் ஒரு கொத்தனார் சிமெண்ட்டைக் கெட்டியாகப் போட்டுப் பார்த்தார். பதினோரு மாதத்தில் போனது. அப்புறம் வெளியூர்க் காண்ட்ராக்டர் ஒருவர் வாளியில் ஏதோ ரசாயனம் கொண்டுவந்து கலந்து அடைத்தார். அது பத்து மாதம். போன பங்குனித் திருவிழாவில் தீச்சட்டி எடுத்து வந்த ஒரு பெண்ணின் கால் கட்டைவிரல் அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டது. அவர் விழுந்தார், சட்டி உருண்டது, நெருப்புக் கங்கு சிதறியது. யார்மேலும் படாமல் போனது அம்மன் புண்ணியம். அந்த அம்மாவின் நகம் மட்டும் பெயர்ந்துபோனது.

விழாக் குழுத் தலைவர் சிவசாமி கோபக்காரர். மறு மாதமே கூட்டம் போட்டு, மொத்த முற்றத்துக்கும் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார். டைல்ஸ் பெட்டிகளும் முன்கூட்டியே வந்து மண்டபத்தில் மார்பளவுக்கு அடுக்கியாகிவிட்டது. தீர்மானம் எழுதும் வேலை எனக்கு. பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் வாசல் பக்கம் நின்ற செல்வராணி அக்கா குரல் கொடுத்தார்.

"தலைவரே, ஒன்னு கேக்கணும். மொதமொதல்ல போட்டப்ப மத்த எடத்துக்கும் அதே கலவைதானே? நாந்தானே கொழச்சேன். அங்கிட்டெல்லாம் நிக்கிது. அந்த ஏழு கல்லுல மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

 இத்தனை வருஷத்தில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதுதான் விஷயம். தினம் எட்டு மணி நேரம் அந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வயதில் சித்தாள் வேலைக்கு வந்தவர். கலவை குழைத்து, இரும்புப் பாண்டில் அள்ளி, தலையில் சுமந்து கொத்தனார் கைக்கு எட்டும்படி வைப்பது சித்தாள் வேலை. ஆணாக இருந்தால் நாலைந்து வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடலாம். பெண்ணாக இருந்தால் சித்தாளாகவே தலை நரைக்கலாம். கொத்தனார்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் கரண்டியை எடுத்துப் பூசிப் பார்த்தே அக்கா தொழிலைக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்தவர்கள் எது தாங்கள் பூசியது, எது அக்கா பூசியது என்று தெரியாமல் மேலே வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். ஆனாலும் அவரைக் கூப்பிடும்போது, "ஏய் சித்தாளு" என்றுதான் கூப்பிடுவார்கள். கேள்வி கேட்டால் வாயை அடக்குவார்கள். அக்காவுக்கோ கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது.

"டைல்ஸ் போட்டா பால்குடம் சிந்துனதும் வழுக்கும் தலைவரே. தீச்சட்டியோட வழுக்கி விழுந்தா நகத்தோட போகாது. அந்த ஏழு கல்ல மட்டும் எங்கிட்டக் குடுங்க. நான் அடைக்கிறேன்."

"சித்தாளுகிட்டக் கோயில் வேலையக் குடுத்தான்னு என்னைய ஊரு சிரிக்கவா?" என்றார் சிவசாமி.

ஆனால் வழுக்கும் என்ற பேச்சு அவர் மனதில் ஏறிவிட்டது. அவர் வீட்டு அம்மாவும் வருஷா வருஷம் பால்குடம் எடுப்பவர். கடைசியில் கெடு வைத்தார். அடுத்த பங்குனியில் காப்புக் கட்டும் நாளில் ஏழு கல்லும் கெட்டியாக நின்றால் டைல்ஸ் வேண்டாம். பெயர்ந்திருந்தால் அன்றைக்கே பெட்டியைப் பிரிப்பார். அக்கா மறுபடி பாண்டு தூக்கப் போக வேண்டும், கரண்டி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அக்கா சரி என்று தலையாட்டினார்.

மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் அக்கா வேலையை முடித்தார். பார்க்க அழகாக இருந்தது. முடித்த கையோடு அம்மனிடம் ஒரு வேண்டுதலும் வைத்துக்கொண்டார். எங்கள் அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டுவது வழக்கம். மரு, கட்டி, கண்திருஷ்டி, வராத மாப்பிள்ளை, எதுவானாலும் பலிபீடத்தின் வடக்குக் காலடியில் கொட்டிக் கும்பிடுவார்கள். வாசலில் சொர்ணம் என்கிற அம்மா பொட்டலம் கட்டி விற்பார். மற்றவர்கள் ஒரு பொட்டலம் கொட்டினால் அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு படி உப்பைக் கொட்டினார். வேலை அவ்வளவு பெரியது, வேண்டுதலும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "இந்தச் சந்து விடக் கூடாது தாயே," என்று சத்தமாகவே வேண்டுவார். என் கடைக்குக் கேட்கும்.

மார்கழி போனது. பொங்கலுக்கு மறுவாரம் நான் கடை திறக்க வந்தபோது அக்கா முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு விள்ளல் கலவை. அழுத்தியதும் விபூதி போல உதிர்ந்தது.

"விட்டுருச்சு கோபி," என்றார்.

 ஏழே வாரம். வெளியூர்க் காண்ட்ராக்டரின் வாளிச் சரக்கே பத்து மாதம் தாங்கியது. சிவசாமி காதுக்குப் போனால் இன்றைக்கே டைல்ஸ் பெட்டியைப் பிரித்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்துச் சொர்ணத்தின் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. அந்த ஆட்டின் மேல் ஏற்கெனவே புகார் இருந்தது. சந்தில் இருக்கும் சுண்ணாம்பை நக்கியே தரையைக் கெடுக்கிறது என்று விழாக் குழுவே முடிவு கட்டி, கட்டிப்போடச் சொல்லியிருந்தது. ஆடு நேராக வந்து முதல் கல்லின் சந்தில் வாயை வைத்தது. சொர்ணம் விளக்குமாற்றோடு ஓடிவந்தார்.

"அடிக்காதீங்க சொர்ணமக்கா. விடுங்க. என்னதான் பண்ணுதுன்னு பாப்போம்," என்றார் செல்வராணி அக்கா.

மூன்று பேரும் ஒரு ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆடு முதல் சந்தை நக்கியது. இரண்டாவதை நக்கியது. ஏழாவது கல் வரைக்கும் வரிசை தப்பாமல் போனது. அந்த வரிசைக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பி வந்தது. அங்கேயும் அதே சுண்ணாம்புதான். கலவை ருசிதான் காரணம் என்றால் அங்கே ஏன் நக்கவில்லை?

சந்தின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. கோலமாவு என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். அக்கா குனிந்து அதைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. மெதுவாகத் திரும்பிப் பலிபீடத்தின் காலடியைப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை. காலையில் அவர் கையால் கொட்டிய ஒரு படி உப்பு அங்கே குவிந்து கிடந்தது.

நான் உடனே புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். அக்காதான் கேட்டார்.

"சாயங்காலம் பூசாரி உப்பு மேல கொடம் கொடமாத் தண்ணி ஊத்துறாருல்ல? அந்தத் தண்ணி எங்கிட்டுப் போகுது?"

எங்கே போகும்? தரையின் வாட்டம் வடக்கே. அந்த ஏழு கல்லின் சந்து வழியாகத்தான் ஓடி வாய்க்காலில் விழும். உப்பு கரைய வேண்டும், உப்பு கரைந்தால்தான் வினையும் கரையும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் பூசாரி மதுரைவீரன் கடைசிக் கல் உப்பு மறைகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றுவார்.

"முந்தியெல்லாம் பொட்டலம் பொட்டலமா வந்துச்சு, பத்து மாசம் தாங்குச்சு. இந்தத் தடவ படி படியா வந்துச்சு. ஏழு வாரம், ஏழு படி." அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "விடக் கூடாது விடக் கூடாதுன்னு வேண்டி நானே விட வச்சுருக்கேன் கோபி."

அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். நல்ல யோசனை இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். "ஆட்டு மேல போட்டுருவோம்க்கா. ஏற்கெனவே எல்லாரும் நம்புறாங்க. ஆட்ட வேற தெருவுல கட்டச் சொல்லிட்டு மறுபடி அடைங்க. யாருக்குத் தெரியப்போகுது?" சொர்ணம் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"ஆட்டக் கட்டிப்போட்டா உப்பு நின்னுருமா?" என்றார் அக்கா. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு சிவசாமி வீட்டுப் பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் முற்றத்திலேயே கூட்டம் கூடியது. அக்கா ஒளிக்காமல் சொன்னார். உப்புத்தான் காரணம், இந்த வருஷம் அதிகமாகக் கொட்டியது நான்தான் என்றார்.  சிவசாமி சிரிக்க ஆரம்பித்தார். "நீயே பூசி, நீயே கெடுத்தியா? நல்லாருக்கு ஆத்தா!" கூட்டமும் சிரித்தது. அவர் கத்தியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. அக்கா அசையவில்லை.

பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மனுக்குப் போடுற உப்பு தரையக் கெடுக்குதுன்னு சொல்றியா?"

"அம்மனக் குத்தம் சொல்லலைங்க பூசாரியய்யா. நான் கொட்டுனதச் சொல்றேன்." அக்கா தன் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். வேலை நேரத்தில் புடவைக்கு மேலே போட்டுக்கொள்ளும் பழைய ஆம்பளைச் சட்டை. முதுகில் வெள்ளையாக ஒரு கோடு வளைந்து ஓடியது. "இதப் பாருங்க. வேர்வ ஈரமா இருக்கயில கோடு தெரியாது. காஞ்சா வெளிய வருது. துணிக்கு வலிக்காது, அது மெத்துன்னு இருக்கு. உப்புத் தண்ணி சந்துக்குள்ள எறங்கி வெயில்ல காயுறப்ப, உள்ள எடம் பத்தாம கலவைய ஒடச்சுக்கிட்டு மேல வருது. கல்லோட ஓரத்தையும் உரிச்சுக்கிட்டு வருது."

சிவசாமி சட்டையை வாங்கி அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. "சரி, அதுக்கு என்ன செய்யணுங்குற? உப்புக் கொட்டாதேன்னு ஊரச் சொல்ல முடியுமா?"

"கொட்டட்டும். தரையில வேணாம். பலிபீடத்துக்குப் பக்கத்துல ஒரு கல்தொட்டி வைப்போம். தொட்டி நெறையத் தண்ணி. அடியில ஒரு பைப்பு, நேரா வாய்க்காலுக்கு."

"கரையணுமே!" என்றார் பூசாரி.

"தண்ணிக்குள்ள போட்டா இன்னும் சுளுவாக் கரையுமுங்க."

 பூசாரி தன் வாயால் சம்மதிக்க மனம் வராமல், அம்மனிடம் பூக்கட்டிக் கேட்க வேண்டும் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. சொர்ணத்தின் பேத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை. அம்மனுக்கும் காலடியில் கல் பெயர்வது பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"கெடு அதேதான். காப்புக் கட்டு அன்னைக்கு வந்து பாப்பேன்," என்று சொல்லிவிட்டுச் சிவசாமி எழுந்தார்.

அந்த வாரமே கல்தொட்டி வந்து உட்கார்ந்தது. தொட்டி வைத்தால் மட்டும் போதாது, இதுவரை இறங்கிய உப்பை வெளியே எடுக்க வேண்டும் என்றார் அக்கா. அதை எப்படி எடுப்பது? எனக்கு ஜெராக்ஸ் மிஷினில் கவனமே இல்லை. ஆதார் கார்டின் முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். அக்கா ஒல்லியான உளியால் ஏழு கல்லின் சந்தையும் இரண்டங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தார். நல்ல தண்ணீரை விட்டுக் கழுவினார். பிறகு கிழிந்த வேட்டிகளை நனைத்துச் சந்துக்குள் திணித்து, கல்லின் மேலும் விரித்துக் காயவிட்டார். துணி காயக் காய, கல்லுக்குள் இருந்த ஈரம் உப்போடு மேலேறித் துணியில் படிந்தது. சாயங்காலம் துணி அப்பளம் போல விறைத்துக் கிடக்கும். அலசி, நனைத்து, மறுநாளும் அதே. சட்டையில் பார்த்ததையே கல்லுக்குச் செய்கிறார் என்று மூன்றாவது நாள்தான் எனக்கு உறைத்தது. என் பழைய வேட்டிகள் நாலு அதில் போயின.

ஒவ்வொரு நாளும் காய்ந்த துணியின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார். "இன்னும் கரிக்கிது," என்பார். பதினெட்டாம் நாள் தலையை ஆட்டினார். என்னையும் ருசி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெறும் துணி ருசிதான்.

அதற்குப் பிறகுதான் கலவை. மணலைச் சல்லடையில் இரண்டு தடவை சலித்து, சுண்ணாம்பைக் கூட்டி, சிமெண்ட்டைக் குறைத்துக் குழைத்தார். கல்லைவிடச் சந்து கெட்டியாக இருந்தால், வெயிலில் கல் விரியும்போது சந்து விட்டுக்கொடுக்காது, இரண்டில் ஒன்று உடையும் என்றார். முதலில் பாதி ஆழத்துக்கு இறுக்கி, அது ஈரம் வற்றி இழுத்துக்கொண்ட பிறகு மீதியை வைத்தார். மேல்வரை நிரப்பவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கல்லு மட்டத்துக்கு ஒரு நூல் கீழ நிக்கணும் கோபி. மேல ஏறுனா கால் தட்டும். ரொம்ப எறங்குனா வெரல் மாட்டும். தீச்சட்டி தூக்குறவங்க கீழ பாத்தா நடக்குறாங்க?" சொல்லிவிட்டுத் தன் வெறுங்காலை அந்தச் சந்தில் குறுக்கே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை உப்பை மட்டும் நிறுத்தவில்லை. சொன்ன சொல் சொன்னதுதானாம். தொட்டிக்குள் கொட்டிவிட்டு, கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டுதான் கல்லின் மேல் கால் வைப்பார்.

மாசி வெயில் காய்ந்தது. நான் தினமும் கடை திறக்குமுன் போய் ஏழு சந்தையும் பார்த்துவிட்டு வந்தேன். என்னைக் கேட்டால் அந்த ஒரு மாதம் அக்காவைவிட எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

காப்புக் கட்டு அன்று காலையிலேயே ஊர் கூடிவிட்டது. சிவசாமி பைக் சாவியோடு வந்தார். முதல் கல்லிலிருந்து சாவி முனையால் ஒவ்வொரு சந்தையும் குத்தினார். கிர் கிர் என்று சத்தம் வந்ததே தவிர ஒரு பொடி உதிரவில்லை. ஏழாவது வரைக்கும் போனார். நிமிர்ந்தார். அப்போதும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

"சொர்ணம், ஒன் ஆட்ட அவுத்து விடு," என்றார்.

கூட்டம் விலகி வழி விட்டது. செல்வராணி அக்கா பலிபீடத்துப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சாவிக்குப் பயப்படாத மனுஷி ஆட்டுக்குப் பயந்தார். ஆடு ஆடி அசைந்து வந்தது. முதல் கல்லில் மூக்கை வைத்தது.  முகர்ந்துவிட்டு இரண்டாவதுக்குப் போனது. மூன்றாவது. நாலாவதில் கொஞ்சம் நின்றது, தும்மியது, நடந்தது. ஏழு கல்லையும் தாண்டியது. ஒரு இடத்திலும் நாக்கை நீட்டவில்லை. பிறகு திரும்பி நேராகக் கல்தொட்டிக்குப் போய், அதன் விளிம்பை ஆசை தீர நக்க ஆரம்பித்தது.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. பூசாரியே சிரித்தார். சிவசாமி மட்டும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மண்டபத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார், ஏழு கல்லைப் பார்த்தார்.

"கொத்தனாரம்மா, இந்த டைல்ஸ் பெட்டியெல்லாம் எங்கிட்டு எறக்கி வைக்கச் சொல்றது?" என்று கேட்டார்.

 யாரைக் கூப்பிடுகிறார் என்று செல்வராணி அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஆடுதான் நின்றுகொண்டிருந்தது.